ஐந்தாம் வார்த்தைக்கு ஒரு நாற்காலி

சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் எனக்கு ஐந்து நிமிடம் தருவார்கள். அதைத் தாண்டினால் போதகர் கைக்கடிகாரத்தைத் தடவ ஆரம்பித்துவிடுவார். இது ஐந்து நிமிடத்தில் அடங்குகிற விஷயம் இல்லை. வாழைப்பழத்தில் ஆரம்பித்து பெரிய வெள்ளி ஆராதனையில் போய் முடிகிறது. நடுவில் ஒரு ஆஸ்பத்திரியே இருக்கிறது. எனக்கோ சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. அதனால் டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் ஆசீர்வாதம். விருதுநகர் மாவட்டத்தில் எம். புதுப்பட்டி என்கிற ஊரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இந்தப் பொங்கல் வரைக்கும் காய்ச்சல் என்று படுத்ததில்லை. படுத்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். லோடு ஏற்றுகிற நாளில் ஆள் குறைந்தால் நானே பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துவிடுவேன். யாராவது ஒரு கை பிடிக்க வந்தால் முறைப்பேன்.

ஆலயத்திலும் அதே கதைதான். பெரிய வெள்ளியன்று எங்கள் சபையில் உச்சிப் பொழுதிலிருந்து மூன்று மணி நேரம் ஆராதனை நடக்கும். ஆண்டவர் சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவோம். அன்றைக்கு யாருக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. 'தாகமாயிருக்கிறேன்' என்று அவர் சொன்ன ஐந்தாம் வார்த்தை பல வருஷமாக எனக்குத்தான். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிற நேரமெல்லாம் நான் சுவர் ஓரமாக நின்றே இருப்பேன். என் முறை வந்ததும் மைக் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தொண்டையைத் திறப்பேன். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதில் எனக்கு உள்ளூர ஒரு கிளுகிளுப்பு இருந்தது என்பதை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

சரி, வாழைப்பழத்துக்கு வருகிறேன். அலுமினியப் பவுடரில் வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் வெளியே வரும்போது ஆளே வெள்ளிச் சிலை மாதிரி இருப்பார்கள். மூக்கு, காது, கண் இமை வரைக்கும் பவுடர். உள்ளே போன பவுடரை வாழைப்பழமும் வெல்லமும் வெளியே தள்ளிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வேலை முடிந்ததும் ஆளுக்கு இரண்டு பழம், ஒரு துண்டு வெல்லம். சாப்பிடாமல் நழுவுகிறவனைப் பிடித்து வாயில் திணிக்கிறவன் நான்.

பொங்கல் கழிந்து எனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் வாய்க்கால் மாதிரி இருக்கும். சோற்றைக் கண்டால் குமட்டும். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். வேறு ஒருவனாக இருந்தால் டாக்டரிடம் போயிருப்பான். நானோ, இத்தனை வருஷத்துப் பவுடரும் சேர்ந்து உள்ளே அடைத்துக்கொண்டது என்று நானே தீர்மானம் பண்ணிவிட்டேன். இரண்டு பழம் அரைச் சீப்பானது. அதற்கு மேல் ஒரு இளநீர். ஆண்டவரே, இந்த உடம்பைச் சுத்தம் பண்ணும் என்று ஜெபித்துவிட்டு உரித்து உரித்து உள்ளே தள்ளினேன்.

ஒரு நாள் காலை கம்பெனி வேன் வந்து நின்றது. படியில் வைக்க வலது காலைத் தூக்கினேன், அது எழும்பவில்லை. குனிந்து பார்த்தேன். கால் அங்கேயேதான் இருந்தது, என் பேச்சைத்தான் கேட்கவில்லை. கலவை அறையில் எனக்குக் கீழே வேலை பார்க்கிற கருப்பசாமி வேனிலிருந்து இறங்கி வந்தான். ஏழாயிரம்பண்ணைக்காரன், என்னை விடப் பத்து வயது சின்னவன்.

"அண்ணே, கையக் குடுங்க."

"ஏலே, தள்ளி நில்லு. நானே ஏறிக்கிடுவேன்."

ஏறவில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு ஒரு அடி அடித்து, யோசித்து, அடுத்த அடி அடித்தது. கருப்பசாமி அதற்கு மேல் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. குழந்தையைத் தூக்குகிற மாதிரி அள்ளி வேனுக்குள் போட்டான். உள்ளே இருந்த பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயிர் போகிற நேரத்திலும் எனக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது. வழியில் என் மனைவி மேரியை ஏற்றிக்கொண்டு வேன் நேராக விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனது.

நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயத்தின் ஓட்டத்தைத் தாளில் வரைந்து எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் அம்மா சின்ன வயது. தாளைப் பார்த்ததும் ஒரு ஊசி போடச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்ச நாளா என்ன சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க?"

நான் பெருமையாக வரிசைப்படுத்தினேன். காலையில் வாழைப்பழம், மத்தியானம் இளநீர், சாயங்காலம் வெல்லம், படுக்கப் போகும் முன் மறுபடியும் வாழைப்பழம். டாக்டர் அம்மா பேனாவை மேஜையில் வைத்துவிட்டார்.

"இதெல்லாம் சாப்பிடச் சொல்லி யார் சொன்னது?"

"நான்தான் டாக்டர் எல்லாருக்கும் சொல்லுவேன்."

மேரி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் அம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். ரத்தத்தைச் சலித்துக் கழிவை மூத்திரமாக வெளியே அனுப்புவது சிறுநீரகத்தின் வேலை. கழிவு எவ்வளவு தேங்கி இருக்கிறது என்று காட்டுகிற அளவுக்குக் கிரியாட்டினின் என்று பெயர். எனக்கு அது தாறுமாறாக ஏறி இருந்தது. பொட்டாசியம் என்று ஒரு உப்பு. வாழைப்பழத்திலும் இளநீரிலும் வெல்லத்திலும் நிறைய உண்டு. நல்ல சிறுநீரகம் வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போனது தள்ளாது. பொட்டாசியம் ரத்தத்தில் கூடிப்போனால் தசை சோர்ந்துவிடும், கடைசியில் இதயமும் நின்றுவிடும். வாழைப்பழம் நல்லதுதான், ஆனால் பவுடரைக் கழுவுகிற வேலை அதற்குத் தெரியாது என்றார். மூக்கை மூடிக்கொள்வதும் நன்றாகக் குளிப்பதும்தான் அந்த வேலையைச் செய்யும். என் சிறுநீரகத்தைக் கெடுத்தது பிபியாகத்தான் இருக்க வேண்டுமாம். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, சத்தமே காட்டாமல் வருஷக்கணக்கில் ஏறி இருந்திருக்கிறது. பிபி பார்த்தீர்களா என்று கேட்டார். எனக்கு எதுக்கு டாக்டர் பிபி என்றேன்.

கழுத்து நரம்பில் குழாய் வைத்து அன்றைக்கே டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷின் சலித்து, திரும்ப உள்ளே அனுப்பும். கேட்க எளிது. என் ரத்தம் என் கண் முன்னால் குழாயில் ஓடுவதைப் பார்த்தபோது பயந்துபோனேன். பட்டாசுக் கம்பெனிக்காரனுக்குப் பயம் புதிது இல்லை. ஆனால் அங்கே புகை தெரிந்தால் ஓடலாம். இங்கே கட்டிலோடு கட்டிப் போட்ட மாதிரி கிடந்தேன். மேரி என் கால்மாட்டில் உட்கார்ந்து வீங்கிய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மெஷினை எடுத்துவிட்டு இறங்கியபோது கால் என் பேச்சைக் கேட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குணமாகிவிட்டது என்று வார்டில் இருந்த எல்லோரிடமும் அறிவித்தேன். மறுநாள் ஸ்கேன் பார்த்த டாக்டர் அம்மா அதில் மண்ணைப் போட்டார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, இனித் திரும்பாது, வாரத்துக்கு மூன்று முறை மெஷினுக்கு வர வேண்டும் என்றார்.

"எம்புட்டு நாளைக்கு?" என்றேன்.

"மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கிற வரைக்கும். கிடைக்காட்டி வாழ்நாள் பூரா."

"எனக்கு வேண்டாம் டாக்டர். வீட்டுக்கு விட்டுருங்க. ஒரு மெஷின்கிட்ட உயிர்ப்பிச்சை கேட்டுக்கிட்டு நான் இருக்க மாட்டேன்."

"வராம இருந்தா சில வாரம்தான்," என்றார் டாக்டர் அம்மா, மேரியைப் பார்த்து.

மேரி அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தி இருப்பேன். "எங்க கேட்டுப் பழகினீக நீங்க, இப்பக் கேக்கறதுக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிளாஸ்க்கைக் கழுவப் போய்விட்டாள். செலவுக்காகத்தான் வேண்டாம் என்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். சிகிச்சைக்கு அரசாங்கத்துக் காப்பீட்டு அட்டை கை கொடுத்தது; மருந்துக்கும் போக்குவரத்துக்கும் மகள் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பினாள். பணம் ஒரு சாக்குக்கூட இல்லை. ரோஷம்தான் காரணம். வீட்டுக்குக் கூட்டிப் போக மேரி கையெழுத்துப் போட மறுத்துவிட்டதால், மெஷினுக்கும் போகாமல் வார்டிலேயே கிடந்தேன்.

அந்த நாட்களில் என்னைப் பார்க்க வந்தவர்களில் மறக்க முடியாதவன் கருப்பசாமி. கம்பெனி ஆட்கள் சேர்ந்து வாங்கியது என்று ஒரு முழு வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு சிறுநீரக வார்டுக்குள் நுழைந்தான். நர்ஸம்மா பாம்பைக் கண்ட மாதிரி குறுக்கே பாய்ந்தார்.

"எங்க கொண்டு வாறீங்க இத?"

"போர்மேன் அண்ணனுக்கும்மா. மிச்சத்த இங்கன உள்ளவுகளுக்கும் குடுத்துருங்க."

வார்டே சிரித்தது. கழுத்தில் குழாயோடு கிடந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அங்கே போன பிறகு முதல் தடவையாக. விஷயத்தைச் சொன்னதும் கருப்பசாமியின் முகம் செத்துவிட்டது. "நீங்க சொல்லித்தானண்ணே நாங்களும் தின்னோம்," என்றான். மேரி அவனை வெளியே கூட்டிப்போய், காத்திருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் பழத்தைப் பிய்த்துக் கொடுக்க வைத்தாள்.

எனக்குத் தண்ணீரும் அளவுதான். மூத்திரம் குறைந்துவிட்டதால் குடிப்பதெல்லாம் நுரையீரலில் போய்த் தேங்கும். மேரி வீட்டில் இருந்ததிலேயே சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். மாசி வெயில் ஜன்னல் வழியே கட்டில் வரைக்கும் வந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் கேட்க மாட்டேன். ஒரு மத்தியானம் மேரி கண் அசந்திருந்தபோது, அவளை எழுப்பாமல் நானே முகம் கழுவப் போய், பாத்ரூம் வாசலில் தலைகுப்புற விழுந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தவள் என்னை உட்கார வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"என்னய ஒரு வார்த்தை கூப்பிட்டா உங்க நாக்கு தேஞ்சா போயிரும்? ஊருக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்வீக. உங்களுக்கு ஒருத்தர் செஞ்சா மட்டும் கௌரவம் கொறஞ்சிருமோ?"

அன்று சாயங்காலமே போதகர் வந்தார். நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். ஐந்தாம் வார்த்தையை இந்த வருஷமும் எனக்கே வைத்திருப்பதாகச் சொன்னார்.

"அதுக்காகவாவது என்னைய விடச் சொல்லுங்கய்யா. நின்னு பேசி முடிச்சிட்டுச் செத்தாலும் பரவாயில்ல."

"உக்காந்து பேசுங்களேன்."

"உக்காந்துக்கிட்டுப் பேசினா அது பிரசங்கமாய்யா?"

அவர் ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் மத்தியானம்தான் அது நடந்தது. டம்ளரில் இருந்தது காலையிலேயே தீர்ந்துவிட்டது. உதடு வெடித்து எரிந்தது. எவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேனோ தெரியாது. ஒரு கட்டத்தில் என்னையும் மீறி வாய் திறந்துவிட்டது.

"மேரி, தாகமா இருக்கு. கொஞ்சம் ஏதாச்சும் செய்யேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. சாப்பாடு போடு, சட்டையை எடு என்று சொல்லி இருக்கிறேன். அதெல்லாம் கேட்டது ஆகாது. அவள் தன் கைக்குட்டையின் நுனியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, என் உதட்டில் ஒற்றினாள். மெதுவாக, திரும்பத் திரும்ப ஒற்றினாள். அந்த ஈரத் துணி உதட்டில் பட்ட நிமிஷம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிலுவையில் தொங்கிய ஆண்டவர் வாய்க்குப் புளித்த காடியில் நனைத்த கடற்பஞ்சைத் தண்டில் மாட்டி நீட்டியதைப் பற்றி எத்தனை வருஷம் தொண்டை கிழியப் பேசி இருக்கிறேன். அவருக்கு ஆத்துமாக்கள் மேல் தாகம் என்பேன், நீதியின் மேல் தாகம் என்பேன், சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைப்பார்கள். உள்ளே இருந்த ஒரு சின்ன விஷயம் ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை. அவர் கேட்டார். கடலையும் மழையையும் உண்டாக்கினவர், கீழே நின்றவர்களிடம் வாய்விட்டுக் கேட்டார். கையையும் காலையும் அசைக்க முடியாத நிலையில், தனக்கு வேண்டும் என்று சொன்னார். யாரோ ஒருவர் ஓடிப்போய்க் கொண்டுவந்ததை வாங்கிக்கொண்டார்.

"மேரி, அவர் கேட்டிருக்காரு," என்றேன்.

"யாரு?"

"ஆண்டவரு. கேட்டிருக்காரு மேரி."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தாழ்மை என்றால் அடுத்தவனுக்குக் குனிந்து செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். அதில் நான் கெட்டிக்காரன். சபை விருந்தில் இலை எடுப்பேன், கழிப்பறை கழுவுவேன். ஆனால் அது எல்லாவற்றிலும் என் கை மேலே இருந்தது. கீழே கையை நீட்டுவது எனக்கு வரவே இல்லை. என் உடம்பு இவ்வளவுதான் என்று ஒத்துக்கொள்வதை நான் தோல்வி என்று எண்ணி இருந்தேன். அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார், ஆசீர்வாதம் யார் ஒத்துக்கொள்ளாமல் இருக்க?

டாக்டர் அம்மாவை உடனே கூப்பிடச் சொன்னேன். வந்ததும், "டாக்டர், எனக்கு டயாலிசிஸ் வேணும். செஞ்சு விடுங்க," என்றேன். நேற்று வரை முறைத்துக்கொண்டு கிடந்த ஆளுக்கு என்ன ஆனது என்று அவர் மேரியைப் பார்த்தார். மேரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

அதற்குப் பிறகு கேட்பதில் எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. நர்ஸம்மாவிடம் தலையணை கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் மகனிடம் கையைப் பிடித்து நடக்க வைக்கச் சொன்னேன். "இந்தா, ஆரம்பிச்சிட்டீகளா, இப்ப நிறுத்த மாட்டீக," என்று மேரி அலுத்துக்கொண்டாள்.

இடது கையில் சின்ன ஆபரேஷன் செய்தார்கள். ஓரமாக ஓடுகிற இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்துவிடுவது. நாளாக ஆக அந்த இடம் தடித்து, ஊசி போட வாகாகிவிடும். கழுத்துக் குழாய் தேவைப்படாது. அந்த இடத்தில் விரலை வைத்தால் பூனையின் வயிற்றில் கை வைத்த மாதிரி உள்ளே ஒரு அதிர்வு தெரியும். அந்தக் கையில் இனி பாரம் தூக்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் மேரி காயை இரண்டு தடவை வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சமைத்தாள். அப்படிச் செய்தால் பொட்டாசியம் இறங்குமாம். ருசி என்று ஒன்றும் இருக்காது. அவளும் அதையே சாப்பிட்டாள்.

பெரிய வெள்ளி வந்தது. ஆலயம் வரைக்கும் கூட்டிப் போக வர முடியுமா என்று கருப்பசாமியிடம் போனில் கேட்டேன். நான் கேட்டதே அவனுக்கு நம்ப முடியவில்லை. அவனுடையது கோயிலில் சாமி கும்பிடுகிற குடும்பம், எங்கள் ஆலயத்துக்குள் அதற்கு முன் வந்ததில்லை. கம்பெனி வேனையே எடுத்துக்கொண்டு வந்தான். கையைக் கொடுத்தான், பிடித்துக்கொண்டு இறங்கினேன். பிரசங்கபீடத்தின் படி ஏற முடியாது என்று நான் முன்னமே சொல்லி இருந்ததால் கீழேயே ஒரு நாற்காலி போட்டு, மைக்கும் வைத்திருந்தார்கள். கருப்பசாமி பின்னால் கதவோரம் நின்றுகொண்டான்.

நாலு வார்த்தைகள் முடிந்து பாட்டு ஓய்ந்தது. நான் உட்கார்ந்தபடி மைக்கைப் பிடித்தேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. வாழைப்பழத்தைச் சொன்னேன், சிரித்தார்கள். படியில் கால் எழும்பாததைச் சொன்னேன். கைக்குட்டையைச் சொல்ல வாய் எடுத்தபோது நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டது. வார்த்தை வரவில்லை. இருமினேன், அப்போதும் வரவில்லை. சபை மொத்தமும் என்னைப் பார்த்தது. அந்த மூன்று மணி நேரத்தில் எங்கள் ஆலயத்தில் யாரும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. முன்பு என்றால் செத்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"கொஞ்சம் தண்ணி குடுங்களேன்," என்றேன். மைக்கில் அது ஆலயம் முழுவதும் கேட்டது.

ஒருவரும் அசையவில்லை. பிரசங்கத்தில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள் போல. பெண்கள் பக்கத்தில் மேரி எழுந்துகொண்டிருந்தாள். அதற்குள் கதவோரத்தில் தடதடவென்று சத்தம். எங்கள் வழக்கம் ஒன்றும் தெரியாத கருப்பசாமி வேனுக்கு ஓடி, பெரிய பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதையில் ஓட்டமாக வந்தான். என் முன்னால் முழங்காலிட்டுப் பாட்டிலைத் திறந்தான்.

"ஒரு மூடிதான் தம்பி," என்று மேரி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "அதுக்கு மேல குடுத்துறாதீக."

அவன் மூடியில் சிந்தாமல் ஊற்றி, தானே என் வாயில் வைத்தான். குடித்தேன். சபை எழுந்து நின்றிருந்தது, போதகரும்தான். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. கருப்பசாமியின் தோளில் கையை வைத்துக்கொண்டு, "ஐந்தாம் வார்த்தை அவ்வளவுதான்," என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டேன்.